பேர் தெரியாத கம்பெனியின் டிரம்பெட்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தானிடம் காட்டாதே. காட்டினாலும் சிரிக்காமல் காட்டு.

எனக்கு ஒரு டிரம்பெட் வேண்டும்.

இப்போது நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்திருப்பாய். சரியாகத்தான் படித்தாய். ஊரார் வாய்க்கெல்லாம் பல்செட்டு கட்டிக்கொடுத்துப் பிழைக்கிற உன் தம்பிக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பித்தளையில் செய்த, மூன்று பொத்தான் வைத்த, ஊதினால் தெருவே திரும்பிப் பார்க்கிற டிரம்பெட் வேண்டும். உன் வீட்டுக்குப் பின்னால்தானே வாத்தியக் கடைத் தெரு? அதனால்தான் உன் கழுத்தை அறுக்கிறேன்.

காரணம் கேட்பாய். உன் தம்பி பெண்டாட்டி இந்த ஊர்ப் பூங்கா பேண்டில் கிளாரினெட் வாசிப்பது உனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று சாயங்காலம் ஒத்திகை. இரண்டு வருஷமாகப் போகிறாள், நானும் ஒன்றும் சொன்னதில்லை. போன மாதம் திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, குடையை எடுத்துக்கொண்டு எதிரே போனேன். அவளுடைய கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் ஒருவர் நடந்து வருகிறார்! மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பேண்டில், குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற டிராம்போன். தெருவிளக்குக்கு பல்பு மாட்ட ஏணி தேவைப்படாத ஆள். நெட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். மனைவியை இழந்தவர். தலையில் முடி காடாக மண்டிக் கிடக்கிறது. என்னுடைய காடு எப்போது அழிந்தது என்று உனக்குத் தெரியும்.

இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. அதுதான் என்னை அரிக்கிறது. பேசிக்கொண்டு வந்திருந்தால் என்ன பேச்சு என்று கேட்டிருக்கலாம். வாயே திறக்காமல், முகத்தில் ஒரு நிம்மதியோடு, மழையில் நனைந்துகொண்டு ஒருத்தி நடந்து வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் பக்கத்தில் நடக்கும்போது அந்த நிம்மதியை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை.

பேண்டில் ஒரு டிரம்பெட்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். காலியான அந்த நாற்காலி கிளாரினெட்டுக்குப் பின்னால், டிராம்போனுக்கு முன்னால். அதாவது நட்டநடுவில். நான் உட்கார வேண்டிய இடம் அதுவேதான். பேண்டு மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சு விட்டால்கூட விசில் ஊதுவதுபோல் இருக்கும்.

"முன்னாடி வாசிச்ச அனுபவம் உண்டா?" என்றார்.

"ஸ்கூல் பேண்டுல இருந்தேன் சார்" என்றேன். பொய் இல்லை. கொடி பிடித்தேன்.

மே மாதக் கடைசியில் வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். இங்கே இருக்கிற ஒரே கடையில் இருக்கிற ஒரே டிரம்பெட் பெரிய கம்பெனி சரக்கு. விலையைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாரும் கேள்விப்படாத சின்னக் கம்பெனி, ஆனால் உள்ளே யோக்கியமான வேலை, அப்படி ஒன்று உன் தெருவில் இருக்காதா? பழையதானாலும் சரி.

பதிலை என் பல்செட்டு லேப் விலாசத்துக்கு எழுது. போனில் கூப்பிடாதே. போன் கூடத்தில் இருக்கிறது. அவள் காது கிளாரினெட் காது.

உன் தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானிடம் காட்டினேன். சிரித்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான். அவளிடமே நேராகக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. நீ டிரம்பெட் வாங்கி, ஊதக் கற்று, பேண்டில் சேர்ந்து, அப்புறம் கேட்கப் போகிறாய். சின்ன வயதிலிருந்தே எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிறவன் நீ.

இருந்தாலும் கேட்டுவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் தண்ணீர் ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து தரைக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. டிரம்பெட் என்பது என்ன? சுருட்டி வைத்த குழாய். நடுவில் மூன்று வால்வு. இதில் எனக்குத் தெரியாதது சத்தம் மட்டும்தான்.

முதல் கடையில் பெரிய பேர்களைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். விற்கிற பையன் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறான். "இதுல பித்தளைக்கு எவ்வளவு, பேருக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுப்பா" என்றேன். உள்ளே போனவன் வெளியே வரவில்லை.

இரண்டாவது கடையில் புத்தம் புதுசு, கண் கூசுகிற பளபளப்பு, விலையும் கொள்ளை மலிவு. வால்வை அழுத்தினேன். போனது திரும்பி மேலே வரவில்லை. "பழகப் பழக சரியாயிடும்மா" என்றார் கடைக்காரர். "யாரு, வால்வா, நானா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதில் பழையது ஒன்று. வெளியே அழகு. வாய் வைக்கிற குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. உள்ளிருந்து அரிக்கிறது. அந்த மாதிரி குழாயை நான் ஒரு தெருவுக்கே போடவிடமாட்டேன், உனக்கா வாங்குவேன்?

அவசரப்படுத்தாதே. பார்க்கிறேன்.

அக்கா

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரப்படுத்தவில்லை. ஆனால் சீக்கிரம்.

வாத்தியம் வருகிறவரை உதட்டையாவது தயார் செய்யலாம் என்று, வேலை செய்துகொண்டே உதட்டைச் சேர்த்து 'ப்ர்ர்' என்று அதிரவைத்துப் பழகுகிறேன். நேற்று மெழுகில் பல் நட்டுக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து பல் டாக்டர் இறங்கி வந்து பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "என்னங்க, உதடு மரத்துப் போச்சா? மருந்து ஏதாவது வாயில பட்டுடுச்சா?" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணில் டார்ச் அடித்தார். பரம்பரை நடுக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் உன்னைப் பார்த்தால் நீயும் கொஞ்சம் நடுங்கு.

இதைவிடப் பெரிய இடி வேறு. கடைவீதியில் பேண்டு மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியம் என்ன கம்பெனி?"

"அது வந்து சார், வெளியூர்லேர்ந்து அக்கா அனுப்பறாங்க."

"அக்கா பேரைக் கேக்கல. கம்பெனி பேரைக் கேட்டேன். பேர் தெரியாத சரக்கையெல்லாம் நான் மேடையேத்தறதில்ல, சொல்லிட்டேன். ஒருத்தர் அப்படித்தான் ஏதோ ஒண்ணு கொண்டு வந்தார். அணிவகுப்புப் பாட்டு வாசிக்கறப்ப பொத்தான் தெறிச்சுப் போய் டிரம்முல விழுந்துச்சு. ஜனங்க கை தட்டினாங்க, அதான் வயித்தெரிச்சல்."

ஆகவே அக்கா, விலைக்காகப் பேரும் இருக்கக் கூடாது, பொத்தானும் தெறிக்கக் கூடாது. பெட்டியை நேற்றும் அந்த நெட்டைதான் தூக்கினார். ஜன்னலில் இருந்து பார்த்தேன். எங்கள் வாசலில் கொடுத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். இவளும் தலையை மட்டும் ஆட்டினாள். என்னிடம் அப்படி யாராவது தலை ஆட்டியிருக்கிறார்களா?

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

கிடைத்துவிட்டது.

தெருக்கோடியில், தையல் மிஷின் ரிப்பேர்க் கடைக்கும் பழைய பேப்பர்க் கடைக்கும் நடுவில் ஒரு பொந்து. காதில் பென்சில் செருகிய கடைக்காரர். நான் கேட்டதும் மேலே இருந்து தூசியோடு ஒன்றை எடுத்தார். மேலே பேரே இல்லை. ஒரு வாத்து மட்டும் செதுக்கியிருக்கிறது.

"இது யார் பண்ணதுங்க?"

"பெரிய கம்பெனிங்களுக்கு வால்வு மட்டும் பண்ணிக் குடுக்கற சின்னப் பட்டறை ஒண்ணு இருந்துச்சும்மா. கைக்கு வேலை இல்லாத நாள்ல தங்களுக்குன்னு முழுசா கொஞ்சம் பண்ணுவாங்க. பேர் அடிக்கக் கூடாதுன்னு பெரியவங்களோட ஒப்பந்தம். அதனால வாத்து அடிச்சாங்க. வால்வு அதே வால்வுதான். ஆனா வாத்துக்கு யாரு பணம் குடுப்பாங்க? பாதி விலைக்குக் குறைவாவே எடுத்துக்கங்க."

எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. வால்வை அழுத்தினேன், விரலோடு போய் விரலோடு வந்தது. வளைவுக் குழாயை இழுத்தால் 'டப்' என்று சத்தம். உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்தேன், சிவப்புப் புள்ளி இல்லை. அப்புறம் அத்தானைக் கூப்பிட்டேன். வாசலில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

கடைக்காரர் வாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "கழுவறதுக்குத் தண்ணில போடறதுதாம்மா, தப்பில்ல. ஆனா வாங்க வர்றவங்க வாளியோட வந்து நான் பார்த்ததில்ல" என்றார். அதற்குள் வேறு யாரோ வயலினோடு வந்துவிட, அங்கே போய்விட்டார். அகன்ற வாயை ரப்பரால் அடைத்து, வாத்தியத்தைத் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் அத்தானை ஊதச் சொன்னேன். எங்கும் குமிழி இல்லை, ஓர் இடம் தவிர. கீழ் வளைவில் யாரோ ஒரு பொடி ஓட்டை போட்டு, அதன்மேல் கார்க் ஒட்டிய சின்ன மூடி ஒன்றை ஸ்பிரிங் வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் திறக்கிறது. இப்படி ஒரு கேவலமான ஒட்டு வேலையை எங்கள் ஆபீஸ் காண்டிராக்டர்கள்கூடச் செய்யமாட்டார்கள். கடைக்காரரிடம் சொன்னால் அவர் கை வைத்து இன்னும் கெடுப்பார் என்று பேசாமல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்த மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓட்டையில் ஈயம் வைத்து, அரம் போட்டு வழவழவென்று ஆக்கிவிட்டேன். இனி ஒரு பொட்டுக் காற்று போகாது. உனக்குத் தெரியாமலே போகட்டும் என்றுதான் இருந்தேன், அத்தான் சொல்லச் சொன்னார்.

பார்சல் நாளை கிளம்புகிறது.

அக்கா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாத்து வந்து சேர்ந்தது! வெந்நீர்க் குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சைச் சுற்றி, அதன்மேல் 'அழுத்தத்தில் வைக்காதே' என்று தண்ணீர் ஆபீஸ் முத்திரை வேறு. தபால்காரர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

லேப்பில் வைத்துத்தான் பழகுகிறேன். பாலிஷ் போடுகிற மோட்டாரை ஓடவிட்டு அந்த இரைச்சலுக்குள் ஊதுகிறேன். எதிரே அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடை. நூறு வாய்கள் 'ஈ' என்று இளித்துக்கொண்டு என்னையே பார்க்கின்றன. இப்படிப்பட்ட சபையில் எந்த வித்வானுக்கும் சுருதி தப்பும். முதல் நாள் ஊதினபோது காற்றுதான் வந்தது. இரண்டாம் நாள் வந்த சத்தத்தைக் கேட்டு மாடியில் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு அம்மா, "டாக்டர், கீழ யாருக்கு மருந்து போடாம பிடுங்கறாங்க?" என்று எழுந்து போய்விட்டாராம். இப்போது தேவலை. ஒரு மெட்டு கிட்டத்தட்ட வருகிறது. வாத்து நல்ல வாத்துதான் அக்கா. சரியாக ஊதிவிட்டால் அறை முழுக்க வெயில் அடித்ததுபோல் ஒரு சத்தம் வருகிறது. நானா ஊதினேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

ஒரே ஒரு குறை. கொஞ்ச நேரம் வாசித்தால் உள்ளே 'கொளகொள'வென்று வெந்நீர் கொதிக்கிற மாதிரி இருக்கிறது. இது எல்லா டிரம்பெட்டிலும் உண்டா, வாத்துக்கு மட்டுமா?

இப்போது உண்மையான விஷயம். செவ்வாய்க்கிழமை டாக்டர் ஓர் அளவு அனுப்பினார். மேல்வரிசையில் நாலு பல். பழைய செட்டு எவனோ கட்டிய பாவம். கொக்கி தளர்ந்து, பேச வாயைத் திறந்தால் செட்டு நாக்குமேல் இறங்கிவிடுகிறதாம். சீட்டைத் திருப்பிப் பார்த்தால், கண்ணாடிக் கடை! நெட்டை! அந்த மனிதனின் வாய் இப்போது பிளாஸ்டரில் என் மேஜைமேல் இருக்கிறது. அதை முறைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அக்கா, ஒரு கொக்கியை ஒரு நூல் தளர்த்தினால் போதும். பேண்டு நிகழ்ச்சி நடுவில் டிராம்போன் ஊதும்போது செட்டு கிளம்பி நேரே பேண்டு மாஸ்டர் மடியில் விழும். யாருக்கும் சந்தேகம் வராது. உன்னிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று வைத்திருக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 17

தம்பிக்கு,

செய்யாதே.

எனக்குப் பிடிக்காதவர்கள் தெருவுக்கும் ஒழுங்காகத்தான் தண்ணீர் விட்டிருக்கிறேன். அவன் வாயைத் திறந்து உன்னிடம் காட்டியிருக்கிறான். அவன் என்ன செய்தாலும் சரி, அந்தக் கொக்கி நிற்க வேண்டும். நீ தளர்த்தினாய் என்று தெரிந்தால் நானே ரயிலேறி வந்து அவள் பெட்டியைத் தூக்குவேன்.

கொளகொள சத்தம் உன் எச்சில். குழாயில் தண்ணீர் இருந்தால் யாரோ உள்ளே விட்டார்கள் என்றுதான் அர்த்தம். ஊது, துப்பாதே. நான் அடைத்த இடத்தில் இன்றுவரை எதுவும் கசிந்ததில்லை.

அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வாசித்துக் காட்டினேன். உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தளர்த்தவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் ஒழுங்காகச் செய்தேன். அவ்வளவு ஒழுங்கு என் கையிலிருந்து இதுவரை வந்ததில்லை. பல்லின் நிறத்தைக்கூட மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். முந்தாநாள் டாக்டர் மாட்டிவிட்டுக் கீழே வந்து, "கையைக் குடுங்க" என்றார்.

நேற்று சாயங்காலம் பூங்கா மண்டபத்துக்குப் போனேன். என்னைக் கோட்டும் பெட்டியுமாகப் பார்த்ததும் உன் தம்பி பெண்டாட்டி கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கக்கூட மறந்துபோனாள். நான் வாசிப்பது அவளுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. பெரிய ஆச்சரியம் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தேன்.

மெட்டின் முதல் வரி நன்றாகத்தான் வந்தது. பயத்தில் ஏற்கெனவே வெளியே மரத்தடியில் ரொம்ப நேரம் ஊதிப் பழகியிருந்தேனா, இரண்டாம் வரியில் கொளகொளவென்றது. மூன்றாவது வரியில் சத்தமே தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. யாரோ முழுகிக்கொண்டே பாடுகிற மாதிரி. டிரம்காரர் கோலைக் கீழே போட்டார். பேண்டு மாஸ்டர், "நிறுத்துங்க. வாசிக்கறீங்களா, டீத்தண்ணி வைக்கறீங்களா?" என்றார்.

கொல்லென்று சிரிப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது அவள் எழுந்து வந்தாள். வாத்தியத்தை வாங்கினாள், கீழ் வளைவைத் தடவினாள், நின்றாள்.

"தண்ணி வடியற ஓட்டை எங்க?"

"எந்த ஓட்டை?"

"எல்லா டிரம்பெட்லயும் கீழ ஒரு ஓட்டை இருக்கும். அமுக்கினா மூச்சுல சேர்ற தண்ணி வடியும். யாரு இதை அடைச்சது?"

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன் அக்கா. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "அக்கா" என்றேன்.

அவள் வளைவுக் குழாயை அப்படியே உருவி எடுத்துக் கவிழ்த்தாள். இரண்டு மாதத் தண்ணீர் பேண்டு மாஸ்டர் ஷூவில் போய் விழுந்தது. குழாயைத் திரும்பச் செருகி என் கையில் கொடுத்து, "இப்ப வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் சத்தம், அந்த வெயில் சத்தம், வந்துவிட்டது. பேண்டு மாஸ்டர் காலை உதறுவதை நிறுத்தினார். என்ன கம்பெனி என்று வாங்கிப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். தானே ஊதிப் பார்த்தார். திருப்பித் தர மனமில்லாமல் இன்னொரு தடவை ஊதினார். "வாத்தியம் முதல் தரம் சார். வாசிக்கறவரைப் பத்தித்தான் யோசிக்கணும். அடுத்த வாரம் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு நானும் அவளும் நடந்து வந்தோம். பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"எதுக்கு அங்க வந்தீங்க?"

"உன் பக்கத்துல உக்காரலாம்னுதான்."

"வீட்ல பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க? காலைல பல்லு தேய்க்கறப்ப ஆரம்பிச்சா விளக்கணைக்கற வரைக்கும் பேச்சு. எவருக்கு எந்தப் பல்லு ஆடுது, எந்த மாமியார் செட்டை எந்த மருமக ஒளிச்சு வச்சா, டாக்டர் யாரைத் திட்டினார்... வாரத்துல மூணு சாயங்காலம், வாயில ஒரு குழலை வச்சுட்டு, யாரும் எதுவும் சொல்லாத இடத்துல நிம்மதியா உக்காந்திருக்கேன். அதையும் பங்கு கேக்க வந்துட்டீங்களா?"

கேட்டே விட்டேன். "அப்ப அந்த நெட்டை?"

"யாரு, கண்ணாடிக் கடைக்காரரா? அவரு வாயே திறக்க மாட்டாரு. அதுக்காகத்தான் அவரோட நடந்து வர்றேன்."

அக்கா, எனக்கு அந்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது. அவர் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று அவரை விட்டால் இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர், முந்தாநாள் அந்தக் குறையை அடியோடு தீர்த்து வைத்தவர்.

தம்பி

*

ஜூன் 6

தம்பிக்கு,

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். காதிலிருந்த பென்சில் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். அது வடிகால். ஒப்புக்கொள்கிறேன். தாழ்ந்த இடத்தில் ஒரு மூடி இருந்தால் அது வடிகாலாக இருக்கும் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். இந்த வாரம் ஆபீசில் யாரையும் நான் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். புது மூடியும் ஸ்பிரிங்கும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஈயத்தை உருக்கிவிட்டு மாட்டச் சொல். அடைத்தவள் யார் என்று மாட்டுகிறவனிடம் சொல்லாதே.

அவள் சொன்னதைப் பற்றி. உனக்கு வலித்திருக்கும். ஆனால் அவள் சொன்னது நிஜம். நீயும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தோம்; எனக்கு வீதி வீதியாகத் தரையில் காது வைத்துக் கேட்கிற வேலை ஏன் பிடித்தது என்று நினைக்கிறாய்? பூமிக்கு அடியில் நீ இல்லை.

உன் பேச்சு எனக்குப் பிடிக்கும். கடிதத்தில் இன்னும் பிடிக்கும், வேண்டும்போது மடித்து வைக்கலாம். அவளால் மடித்து வைக்க முடியாது. அந்த மூன்று சாயங்காலத்தை அவளிடமே விட்டுவிடு. டிரம்பெட்டை லேப்பிலேயே வாசி. பேண்டு வேண்டாம்.

சந்தேகப்பட்டது போதும். இனிமேல் பட்டால் டாக்டரிடம் உன் பரம்பரை நடுக்கத்தைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கும்.

அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். பேண்டு மாஸ்டர் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். நேரில் போய், "வேண்டாம் சார், மன்னிச்சுக்கங்க" என்றேன். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "சரி, ஆளு வேண்டாம்னா பரவால்ல. வாத்தை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்" என்றார். அதையும் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். "நான் சேரல. அது உன் இடம்." அவள் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் சாப்பிடும்போது என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி விழுந்தது.

என் நாற்காலி போயிற்று, நடுவில் உட்கார்கிற கனவு போயிற்று என்று லேப்பில் தாடைகளுக்கு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மற்றது ஆரம்பித்தது.

முதல் ஒத்திகை முடிந்து வந்தவள் பெட்டியை மேஜைமேல் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். இரண்டாவது ஒத்திகை முடிந்து வந்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே லேப்புக்கு வந்தாள். மோட்டாரை அவளே நிறுத்தினாள்.

"அவருக்கு என்ன பண்ணீங்க?"

"யாருக்கு?"

"நடிக்காதீங்க. கண்ணாடிக் கடைக்காரருக்கு. மண்டபத்துலேர்ந்து நம்ம வாசல் வரைக்கும் வாய் மூடலை. கிட்டப் பார்வை, தூரப் பார்வை, ஃபிரேம் விலை, அவரு மச்சினன் கட்டின வீட்ல படி எந்தப் பக்கம் வச்சான்... ரெண்டு வருஷமா சேத்து வச்சதெல்லாம் ஒண்ணொண்ணா கொட்டறாரு. மூச்சு வாங்கறப்பதான் நிறுத்தறாரு. அவரு டிராம்போன்காரரு, மூச்சே வாங்கறதில்ல!"

"புது செட்டு கட்டிக் குடுத்தேன். வாயில பழக ஒரு வாரம் ஆயிருக்கும், இப்ப இறுக்கமா நிக்குது" என்றேன். பெருமையாகவும் சொல்ல முடியவில்லை, வருத்தமாகவும் சொல்ல முடியவில்லை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒரு கொக்கியைக் கொஞ்சம் தளர்த்திடுங்களேன்."

உன் தம்பி பெண்டாட்டி அக்கா! அந்த யோக்கியமான வாயிலிருந்து!

"முடியாது" என்றேன். "நம்பி வாயைத் திறந்து காட்டின மனுஷன். அவர் யாரா இருந்தாலும் அந்தக் கொக்கி நிக்கணும்." இதை நீ எழுதினாய் என்று சொல்லவில்லை. என் சொந்தச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்து, மூடித் திறந்து, மூடி வைத்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. பேண்டுல சேருங்க."

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேனே. நீதானே அன்னிக்கு..."

"அன்னிக்கு அவர் பேசல. சேருங்க. வாசிக்கறப்ப உங்களால பேச முடியாது, அதனால எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. முடிஞ்சு வர்றப்ப நீங்க அவரோட நடங்க. நான் முன்னாடி போறேன்."

மறுநாள் காலையிலேயே பேண்டு மாஸ்டரிடம் போய் நின்றேன். "வாத்து வந்துச்சா?" என்றார்.

இப்போது பத்து நாளாக இப்படித்தான் நடக்கிறது. மண்டபத்தில் நட்டநடு நாற்காலியில் நான். எதிரே அவள் பின்னங்கழுத்து. அதை இவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்து எத்தனையோ வருஷமாயிற்று. முடிந்ததும் கிளம்புவோம். அவள் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு ஒரு விளக்குக்கம்பம் தூரம் முன்னால் போகிறாள், மகாராணி மாதிரி, தனியாக, அந்த நிம்மதியோடு. பின்னால் நானும் நெட்டையும். அக்கா, மனிதர் ஒரு பொக்கிஷம்! நான் ஊரார் வாய்க்குள் இருப்பதைச் சொல்கிறேன், அவர் ஊரார் கண்ணுக்குள் இருப்பதைச் சொல்கிறார். பேங்க் மேனேஜருக்கு ஒரு கண் எவ்வளவு மோசம் என்று உனக்குத் தெரியுமா? பதிலுக்கு அந்த மேனேஜரின் கடைவாய்ப் பல் யாருடைய தயவில் நிற்கிறது என்று நான் சொன்னேன். தெருவிலேயே கையைத் தட்டிச் சிரித்தார். செட்டு அசையவில்லை. இவரைப் போய் இத்தனை நாள் பிளாஸ்டரில் முறைத்தேனே.

இருந்தாலும் ஒன்று மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் பக்கத்தில் நடக்க ஆசைப்பட்டுத்தான் இவ்வளவும். கிடைத்தது நெட்டை.

நேற்று, எங்கள் வாசலில் அவர் விடைபெற்றுப் போனார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டாவது பாட்டுல, நான் தனியா வாசிக்கற இடம் முடிஞ்சதும் நீங்க வந்து எடுத்தீங்க பாருங்க."

"ஆமா. ஏன், தப்பா?"

"இல்ல. நல்லா இருந்துச்சு. நான் திரும்பிப் பார்க்கலாம்னு நினைச்சேன்."

எனக்கு எங்கிருந்தோ ஒரு வெள்ளம் பொங்கிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். அவள் உதட்டில் இல்லை, என் உதட்டில்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

சொல்லவில்லை அக்கா. கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் அவள் பக்கத்தில், பெட்டியைத் திறந்து துணியால் கிளாரினெட்டைத் துடைக்கிறவளைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல வந்ததெல்லாம் தொண்டையில் நின்றுகொண்டு தூங்கவிடவில்லை. அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக லேப்புக்கு ஓடிவந்து உனக்கு இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி